அறுபத்து நான்கு கட்டங்களும் ஏழு பகா எண்களும்

18446744073709551615.

இருபது இலக்கம் கொண்ட இந்த எண்ணை நம் வழக்கப்படி காற்புள்ளியிட்டு எழுதினால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்வதானால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்கு மேல் நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, அதற்கும் மேல் தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேரும் மொத்த மணிகள் இவ்வளவு.

கதை தெரிந்ததுதான். சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா என்ற இந்திய அறிஞர் அரசனிடம் இந்தப் பரிசைக் கேட்டதாக 13-ஆம் நூற்றாண்டின் அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிக்கான் எழுதியிருக்கிறார். கேரளத்து அம்பலப்புழையில் கிருஷ்ணனே முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு ஆடி அரிசி கேட்டதாகவும், அந்தக் கடன் இன்றும் பால்பாயசமாகத் தீர்ந்துகொண்டிருப்பதாகவும் சொல்வார்கள். கோதுமை மணி ஒன்றுக்கு நாற்பது மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்த எடை சுமார் 73,800 கோடி டன். இன்றைய உலகின் கோதுமை விளைச்சல் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உலகமே கூடி விளைவித்தால்தான் கடன் அடையும்.

கதை பெரும்பாலும் அரசன் மலைத்து நிற்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. ஓர் எண் பெரியது என்பது அந்த எண்ணைப் பற்றிய மிகச் சாதாரணமான செய்தி. எந்தப் பெரிய எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் உண்டு. இந்த எண்ணை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் உள்கட்டு. எந்தச் சிறிய எண்களைப் பெருக்கி அது உண்டாயிற்று, ஏன் அந்த எண்கள், அவற்றால் என்ன விளைகிறது என்று கேட்டால் கதையைவிடப் பல மடங்கு சுவையான ஒன்று கிடைக்கிறது.

கடைசிக் கட்டத்துக்கு அடுத்து 65-ஆவதாக ஒரு கட்டம் இருப்பதாகக் கற்பனை செய்தால், அதில் விழ வேண்டிய மணிகள் 2⁶⁴. நம் எண் அதைவிட ஒன்று குறைவு. அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 2⁶⁴ என்ற எண்ணை உடைத்துப் பார்த்தால் இரண்டைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. ஒன்றைக் கழித்ததும் ஒரே ஓர் இரண்டுகூட மிஞ்சாமல், ஒன்றுக்கொன்று வேறான ஏழு பகா எண்கள் வெளிப்படுகின்றன:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417.

எந்தக் காரணியும் இருமுறை வரவில்லை. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் 87. அது மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. கடைசி இலக்கம் ஐந்து. ஆக மூன்றும் ஐந்தும் காகிதமில்லாமலே தெரிந்துவிடுகின்றன. மற்ற ஐந்தும் எங்கிருந்து வந்தன என்பதைப் பலகையே சொல்லித் தரும்.

முதல் கட்டத்தில் ஒரு மணி. முதல் இரண்டு கட்டங்களின் மொத்தம் 3. முதல் நான்கு கட்டங்களில் 15, அதாவது 3 × 5. முதல் எட்டுக் கட்டங்களில், பலகையின் முதல் வரிசை முழுவதும், 255. அது 15 × 17. பதினாறு கட்டங்களில் 65535. அது 255 × 257. முப்பத்திரண்டு கட்டங்களில், பாதிப் பலகையில், 4294967295. அது 65535 × 65537. கட்டங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் பழைய மொத்தம் ஏதோ ஒரு முழு எண்ணால் பெருகுகிறது. காரணம் எளிது. பாதிப் பலகையை நிரப்பிய பின் மறுபாதியை நிரப்பும்போது, முதல் பாதியில் நடந்ததே திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 4294967296 மடங்காக நடக்கிறது, அவ்வளவே. பழையது ஒரு பங்கு, புதியது 4294967296 பங்கு. ஆக மொத்தம் 4294967297 பங்கு. பள்ளியில் படித்த முற்றொருமைதான் இது: அ² − 1 = (அ − 1)(அ + 1).

முதல் பாதியின் எடை வெறும் 172 டன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த அரசனின் களஞ்சியத்திலும் இருந்திருக்கக்கூடிய அளவுதான். கதையின் அரசன் அலட்சியமாகச் சம்மதித்ததில் தவறே இல்லை. பாதிப் பலகை வரை அவன் கணிப்பு சரி.

இந்த எண்ணை முறையாகக் கணக்கிட்டவர்களில் அல்-பிரூனி முக்கியமானவர். குவாரிசத்தில் பிறந்த அவர், கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய காலக்கணக்கு நூலில் இதன் இருபது இலக்கங்களையும் சரியாகத் தந்திருக்கிறார். அறுபத்து மூன்று முறை இரட்டித்து அறுபத்து நான்கு எண்களைக் கூட்டுவது அவருக்குத் தேவைப்படவில்லை. இரண்டே விதிகளை வைத்துக்கொண்டார். ஒரு கட்டத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு இன்னும் தள்ளியிருக்கும் கட்டத்தின் எண் வரும். எந்தக் கட்டத்தின் எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அதற்கு முந்தைய கட்டங்கள் எல்லாவற்றின் மொத்தமும் வரும்.

இரண்டாம் கட்டத்தில் 2. அதன் வர்க்கம் 4, மூன்றாம் கட்டம். அதன் வர்க்கம் 16, ஐந்தாம் கட்டம். பிறகு 256, ஒன்பதாம் கட்டம். பிறகு 65536, பதினேழாம் கட்டம். பிறகு 4294967296, முப்பத்து மூன்றாம் கட்டம். அதையும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் இல்லாத அந்த 65-ஆம் கட்டம். ஒன்றைக் கழித்தால் வேலை முடிந்தது. ஆறே பெருக்கல்கள்.

அவர் ஏறிய படிகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537, 4294967297. பலகையை இரட்டித்து இரட்டித்துப் பார்த்தபோது கிடைத்த பெருக்கிகள் இவையேதான். விடையை விரைவாக எட்டுவதற்கான குறுக்குவழியும், விடை எந்தக் காரணிகளால் ஆனது என்ற ரகசியமும் ஒரே பாதையில் கிடக்கின்றன. 64 என்பது ஆறு முறை தடையின்றிப் பாதியாகக்கூடிய எண் என்பதால் இது நிகழ்கிறது. பலகைக்கு எட்டுக்கு எட்டு என்று அளவு வைத்தவர்கள் இதை நினைத்து வைத்திருக்க முடியாது. ஏழுக்கு ஏழோ ஒன்பதுக்கு ஒன்பதோ வைத்திருந்தால் இந்த அழகு வாய்த்திருக்காது.

வர்க்கப்படுத்தி ஏறும் இந்த உத்தி இந்தியாவில் அல்-பிரூனிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தது. பிங்கலரின் சந்த சாஸ்திரம் குறில் நெடில் என இருவகை அசைகளால் எத்தனை வகை அடிகள் அமையும் என்று கேட்கிறது. அசைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்க முடிந்தால் வர்க்கப்படுத்து, முடியாவிட்டால் ஒன்றைக் குறைத்து இரண்டால் பெருக்கு என்பது அதன் வழி. அறுபத்து நான்கு அசை கொண்ட அடி ஒன்று இருந்தால் அதன் வகைகள் 2⁶⁴. எல்லாம் குறிலாக வரும் ஒரே ஒரு வகையை நீக்கினால் மீதி நம் எண்.

இனி அந்தக் கடைசிப் பெருக்கிக்கு வருவோம். 4294967297 நம் ஏழு காரணிகளின் பட்டியலில் இல்லை. அதன் இடத்தில் 641, 6700417 என இரண்டு எண்கள் நிற்கின்றன. இந்த மாற்றத்துக்குப் பின்னால் எண்கணிதத்தின் புகழ்பெற்ற தவறான ஊகம் ஒன்று இருக்கிறது.

3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இதைக் கண்ட பியர் டி ஃபெர்மா, இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களாகவே இருக்கும் என்று 1640-இல் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதினார். நிரூபணம் தன் கைக்கு எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். 1729-இல் கோல்ட்பாக் இந்தக் கேள்வியை இளைஞர் ஆய்லரிடம் கொண்டுபோனார். 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: ஆறாவது எண்ணான 4294967297, 641-ஆல் மீதியின்றி வகுபடும்.

ஆய்லர் எண்களை ஒவ்வொன்றாக வகுத்துத் தேடித் தடுமாறவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக்காரணி ஒன்று இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி ஒன்றாகத்தான் வர வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. அந்தச் சல்லடையில் தங்கும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே மீன் சிக்கிவிடும். பின்னாளில் பிரான்ஸின் எதுவார் லூக்காஸ், 64-க்குப் பதில் 128 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிச் சல்லடையை இன்னும் இறுக்கினார். அதில் 193, 449, 577 மூன்றும் விழுந்துவிடும். 257 இதே வரிசையின் முந்தைய உறுப்பு என்பதால் காரணியாக இருக்க வழியில்லை. சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641.

வகுத்தலே செய்யாமல் 641 இதை வகுக்கும் என்று காட்ட ஒரு வழி உண்டு. எண்கணிதத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் சில வரிகள் அவை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதே 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இப்போது 641-ஆல் வகுத்து வரும் மீதிகளை மட்டும் பார்ப்போம். 5 × 2⁷ என்பது 640, அதாவது ஒன்று குறை; மீதி −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 5⁴ என்பது 641-க்குப் பதினாறு குறைவு. அதன் மீதி −2⁴. அதை இட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-இன் மீதி 1. ஆகவே 2³² + 1-இன் மீதி பூஜ்யம். 2³² + 1 என்பதுதான் 4294967297.

ஃபெர்மாவின் கையில் இதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இருந்தன. மற்ற எண்களை உடைக்க அவரே பயன்படுத்திய முறையை இதன் மேலும் ஓட்டியிருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும். ஐந்து முறை பொருந்திய அழகு ஆறாவதில் கைவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஃபெர்மா எண்களின் வரிசையில் அந்த ஐந்துக்குப் பிறகு இதுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.

641-ஐ விட்டு நகருமுன் அது செய்யும் இன்னொரு காரியத்தையும் காட்ட ஆசைப்படுகிறேன். மேலே கண்ட இரண்டு சமன்பாடுகளிலிருந்தே, 10¹⁶ + 1-ஐயும் 641 வகுக்கும் என்று தெரியவரும். 5¹⁶-க்கும் 2¹⁶-க்கும் மீதி ஒன்றே, ஆகவே 10¹⁶-க்கும் 2³²-க்கும் மீதி ஒன்றே, அது −1. இதனால் 1/641-ஐத் தசமத்தில் எழுதினால் முப்பத்திரண்டு இலக்கங்களுக்கு ஒருமுறை சுழலும்: 0.00156006240249609984399375975039 என்று போய் மீண்டும் தொடங்கும். அந்த முப்பத்திரண்டை நடுவில் வெட்டுங்கள். முதல் பாதி 0015600624024960. இரண்டாம் பாதி 9984399375975039. இரண்டையும் கூட்டினால் பதினாறு ஒன்பதுகள். நம் எண்ணின் எந்தப் பகாக்காரணியை எடுத்தாலும் அதன் தலைகீழ் இரும எண்முறையில் அறுபத்து நான்கு இடங்களுக்குள்ளேயே சுழன்றுவிடும். 641, 6700417 இரண்டுக்கும் மட்டுமே முழு அறுபத்து நான்கும் தேவைப்படுகிறது. எழுபது லட்சத்தை நெருங்கும் ஒரு பகா எண் அறுபத்து நான்கு இடங்களுக்குள் அடங்கிச் சுழல்வது எவ்வளவு அரிது என்பதை, அதே அளவுள்ள வேறு எந்தப் பகா எண்ணை எடுத்துப் பார்த்தாலும் உணரலாம்.

பாதிப் பலகையின் எண்ணான 4294967295-க்குத் தனிப் பெருமை உண்டு. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் குறியிடாத அளவுகோலும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டுபிடித்தார். கிரேக்கர்களுக்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்தத் திசையில் யாரும் ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை. 1801-இல் வந்த அவரது நூல் பொது விதியைச் சொன்னது; 1837-இல் வான்ட்செல் மறுபக்கத்தையும் நிரூபித்து முடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்கும்போது மட்டுமே அந்தப் பலகோணத்தை அப்படி வரைய முடியும். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே. ஐந்தையும் பெருக்கினால் 4294967295. ஆக, வரைய முடியும் என்று இன்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களிலேயே பெரியதன் பக்கங்களின் எண்ணிக்கை, பாதிப் பலகையில் கிடக்கும் மணிகளின் எண்ணிக்கை. 65537 பக்கங்களுக்கு மட்டுமான வரைமுறையை எழுதவே ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப்படி கேட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10-ஆம் நூற்றாண்டில் விளக்கிய மேரு பிரஸ்தாரம், இன்று பாஸ்கல் முக்கோணம் என்று பாடநூல்களில் வருவது, இங்கே எதிர்பாராமல் நுழைகிறது. அந்த முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் உள்ள இடத்தில் 1, இரட்டைப்படை உள்ள இடத்தில் 0 என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் ஓர் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். எல்லாமே மேலே கண்ட ஆறு பெருக்கிகளில் சிலவற்றை எடுத்தும் சிலவற்றை விட்டும் பெருக்கியவை. அறுபத்து நான்காவது வரியில் ஓர் இரட்டைப்படை எண்கூட இராது. அறுபத்து நான்கு இடங்களிலும் 1. அந்த வரியைப் படித்தால் நம் எண் வந்து நிற்கும்.

இரும எண்முறையில் அறுபத்து நான்கு ஒன்றுகள் என்ற இந்த வடிவம்தான் எண்ணைப் பழங்கதையிலிருந்து இன்றைய மேசைக்குக் கொண்டுவந்தது. நம் கணினிகளும் கைபேசிகளும் ஒரே எட்டில் கையாளும் சொல்லின் அகலம் 64 பிட். குறியில்லாத முழு எண்ணாக அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 18446744073709551615. அதோடு ஒன்றைக் கூட்டினால், பழைய வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999-க்கு அடுத்து 00000-க்குப் போவதுபோல, எல்லாம் பூஜ்யமாகிவிடும். ஒன்றைக் கூட்டினால் பூஜ்யமாகும் எண்ணுக்கு −1 என்று பெயர். கணினியும் −1-ஐ இதே அறுபத்து நான்கு ஒன்றுகளாகத்தான் வைத்திருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் தவறான வகையில் −1-ஐ அச்சிட்டுத் திரையில் திடீரென்று இந்த இருபது இலக்கங்களைப் பார்ப்பது அன்றாடம் நடப்பது. சதுரங்கம் ஆடும் நிரல்களுக்கோ இது இன்னும் நெருக்கம். கட்டத்துக்கு ஒரு பிட் என்று முழுப் பலகையையும் ஒரே எண்ணில் அடக்கி வைக்கும் முறை அவற்றில் வேரூன்றிவிட்டது. எல்லாக் கட்டங்களும் நிரம்பிய பலகை என்றால் அந்த எண் இதுவேதான்.

ஏழு காரணிகள் தெரிந்திருப்பதால் நடைமுறையில் பயன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. கணினியில் தற்செயல் போலத் தோன்றும் எண்களை உற்பத்தி செய்ய ஒரு வழி, 64 பிட் நிலை ஒன்றை எடுத்து அதன் பிட்களை இடமும் வலமுமாக நகர்த்தித் தன்னோடே கலப்பது. 2003-இல் ஜார்ஜ் மார்சாக்லியா வெளியிட்ட ஒரு முறை 13, 7, 17 இடங்கள் என மூன்றே நகர்த்தல்களில் இதைச் செய்கிறது. எல்லாம் பூஜ்யமாக உள்ள நிலை மட்டும் அசையாமல் கிடக்கும். மற்ற 18446744073709551615 நிலைகளையும் ஒன்றுவிடாமல் சுற்றிவந்த பிறகே தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பும் என்று எப்படி நிச்சயமாகச் சொல்ல முடிகிறது? நொடிக்கு நூறு கோடி எட்டு வைத்தாலும் ஒரு சுற்று முடிய 584 ஆண்டுகள் ஆகும். ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. நம் எண்ணளவு எட்டு வைத்தால் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; வந்தால், சுற்றின் நீளம் நம் எண்ணை வகுத்தாக வேண்டும் என்பது கோட்பாடு. ஆகவே நம் எண்ணை 3-ஆல் வகுத்த அளவில் சுற்று முடிகிறதா, 5-ஆல் வகுத்த அளவில் முடிகிறதா என்று ஏழு பகாக்காரணிகளுக்கும் ஒவ்வொரு முறை கேட்டால் போதும். ஏழு கேள்விக்கும் இல்லை என்று விடை வந்தால் சுற்று முழுமையானது. அத்தனை பெரிய எட்டுக்குப் போவதும் கடினமில்லை; அல்-பிரூனியின் வர்க்கப்படுத்தும் உத்தியே அங்கும் கைகொடுக்கிறது. ஆய்லர் 641-ஐக் கண்டுபிடித்திராவிட்டால் இந்தச் சோதனையில் ஒரு கேள்வி குறைந்திருக்கும், நம்பிக்கையும் குறைந்திருக்கும்.

முழுச் சுற்று தரும் அமைப்புகள் எத்தனை என்பதும் காரணிகளிலிருந்தே வருகிறது. ஓர் எண்ணைவிடச் சிறிய எண்களில் அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று எண்ணுவது ஆய்லரின் சார்பு. பாதிப் பலகையின் 4294967295-க்கு அதன் மதிப்பு 2 × 4 × 16 × 256 × 65536, துல்லியமாக 2³¹. மிச்சமே இல்லாத தூய அடுக்கு. முழுப் பலகைக்கும் அது 2⁶³ என்று, அதாவது 9223372036854775808 என்று வந்திருக்க வேண்டும், ஃபெர்மா நினைத்தது சரியாக இருந்திருந்தால். 641 குறுக்கே வந்ததால் அது 9208981628670443520 ஆகிவிட்டது. 14390408184332288 குறைவு. 1640-இல் எழுதிய ஒரு ஊகத்தின் பிழையை இப்படி இலக்கம் பிசகாமல் அளந்து காட்ட முடிகிறது. அந்த 9208981628670443520-ஐ 64-ஆல் வகுத்தால் வரும் 143890337947975680 என்பதே, 64 பிட் நகர்வுப் பதிவேடுகளுக்கு முழுச் சுற்றைத் தரும் பல்லுறுப்புக் கோவைகளின் எண்ணிக்கை.

இதே எண் ஒரு விளையாட்டுப் பொருளாகவும் விற்பனைக்கு வந்தது. சல்லடையை இறுக்கிய அதே லூக்காஸ் 1883-இல், தன் பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கிய புனைபெயரில், ஹனோய் கோபுரம் என்ற புதிரை வெளியிட்டார். காசிக் கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளை மூன்று ஊசிகளுக்கிடையே பூசாரிகள் மாற்றிக்கொண்டிருப்பதாக அதற்கொரு கதையும் சேர்ந்தது. தேவைப்படும் நகர்த்தல்கள் 18446744073709551615. நொடிக்கு ஒன்று என்றாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதே 1,380 கோடிதான். கதை இங்கும் பருமனோடு நின்றுவிட்டது. கதைக்குக் காரணமானவர் இந்த எண்ணின் காரணிகளைத் தன் கைரேகைபோல் அறிந்தவர் என்பதால் இது எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

அக்கம்பக்கத்து எண்களையும் பார்த்தால்தான் இதன் தனித்தன்மை விளங்கும். 2⁶¹ − 1 ஒரு பகா எண், உடையவே உடையாது. ரஷ்யக் கிராமப் பாதிரியார் இவான் பெர்வூஷின் 1883-இல் அதைக் கையால் கணக்கிட்டு நிறுவினார். 2⁶⁷ − 1 இரண்டே பகா எண்களாக உடையும். அமெரிக்கர் ஃப்ராங்க் நெல்சன் கோல் 1903-இல் அவற்றை அறிவித்தார்: 193707721, 761838257287. இந்த இரண்டுக்கும் நட்டநடுவே, இருபுறமும் மூன்று இரட்டிப்புத் தூரத்தில், ஏழாக உடையும் நம் எண். அடுக்குக்குறி 61, 67 என்ற பகா எண்ணாக இருக்கும்போது கதவு பூட்டிக்கொள்கிறது; 64 என்று இருக்கும்போது ஆறு பூட்டுகள் தாமே திறக்கின்றன, ஏழாவதைத் திறக்க ஆய்லர் வேண்டியிருந்தது.

அடுத்த படி என்னவென்று கேட்காமல் இருக்க முடியாது. பலகையை இன்னொரு மடங்கு நீட்டி 128 கட்டங்களாக்கினால் நம் எண் 2⁶⁴ + 1-ஆல் பெருகும். அதாவது தன்னைவிட இரண்டே கூடுதலான 18446744073709551617-ஆல். அதை 274177 × 67280421310721 என்று 1880-இல் உடைத்துக் காட்டிய ஃபார்ச்சூன் லாந்திரிக்கு அப்போது வயது எண்பத்திரண்டு. 256 கட்டங்களுக்குத் தேவையான காரணிகள் 1970-இல்தான், கணினியின் துணையோடு, மோரிசனுக்கும் பிரில்ஹார்ட்டுக்கும் கிடைத்தன. 512-க்கு 1980-இல் பிரெண்டும் பொல்லார்டும். 1024 கட்டங்களுக்கான காரணிகளைப் பெற 1990-இல் உலகின் பல மூலைகளில் இருந்த நூற்றுக்கணக்கான கணினிகள் சேர்ந்து உழைத்தன. 2048-க்கும் 4096-க்கும் உரியவற்றை பிரெண்ட் முடித்தார். 2⁴⁰⁹⁶ − 1 வரை இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் முழுமையாக உடைபட்டுவிட்டது.

அதற்கு அடுத்த படியில் வேலை நிற்கிறது. 8192 கட்டங்களின் மொத்தத்தை உடைக்க 2⁴⁰⁹⁶ + 1-இன் காரணிகள் வேண்டும். அதன் முதல் காரணி 114689. அதை 1877-இல் கண்டவர்களில் அதே பெர்வூஷினும் ஒருவர். இதுவரை ஆறு பகாக்காரணிகள் கிடைத்திருக்கின்றன. ஆறாவது 2010-இல் வந்தது. அவற்றை நீக்கிய பின் மிஞ்சுவது 1133 இலக்கம் கொண்ட ஓர் எண். அது பகா எண் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. எந்த எண்களின் பெருக்கம் என்பதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.